குறைந்துபோன ஒன்பது சென்ரிமீற்றர்

1. பெட்டி

வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள் ஒரு மனிதரைக் கள்ளன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தச் சொல்லை நான் பாவிக்கவில்லை. அளவுகளை மட்டுமே எழுதினேன். அதுவே போதுமாக இருந்தது.

பிரெஞ்சு பேசும் பனி ஊரான புரோசார்ட்டில் ஒரு சின்ன நிறுவனம். பாடம் செய்த விலங்குகளைப் பெட்டிகளில் வைத்துப் பாடசாலைகளுக்கு வாடகைக்கு அனுப்புவோம். பெட்டி திரும்பி வந்ததும் உள்ளே இருப்பதை அளந்து, நிறுத்து, 'கொன்ஸ்தா' என்ற பழைய நிலைக்குறிப்புத் தாளோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வைப்பது என் வேலை. எங்கள் வீட்டில் படித்துப் பட்டயம் வாங்கிய முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். தாளில் இருப்பது பொய்யாகாது என்று நம்பி வளர்ந்தவள்.

அன்று வந்தது பிளாட்டிபஸ். வாத்தின் அலகு, மயிரடர்ந்த உடம்பு, தட்டை வால். வாலை வயிற்றுப் பக்கம் மடித்துச் சுருண்டு கிடக்கும். கூடவே நகக்கண் அளவில் இரண்டு சாந்து முட்டைகள்.

தாளில் இப்படி இருந்தது: ஆண். நீளம் 52 சென்ரிமீற்றர். நிறை 1.7 கிலோ. முட்டை இரண்டு.

முதுகு வழியே அளவு ரேப்பை வைத்து அளந்தேன். 43. தராசு 640 கிராம் என்றது. ஆண் பிளாட்டிபஸ்ஸின் பின்காலில் நச்சு முள் இருக்கும். இதில் முள்ளும் இல்லை, முள் உடைந்த அடையாளமும் இல்லை.

பெட்டியைக் கொண்டுவந்தவர் தாசன் அண்ணை. மன்னார்க்காரர், எங்கள் நிறுவனத்தில் பதினாலு வருசமாக வான் ஓடுபவர். இந்த வேலை காலியாக இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னவரும் அவர்தான்.

"அண்ணை, வழியில எங்கையும் நிப்பாட்டினீங்களோ?"

"ஜான்-டலோன் சந்தையில வெந்தயக்கீரை வாங்க நிப்பாட்டினனான். ஏன், உள்ள கிடக்கிறவருக்கும் ஒரு கட்டு வாங்கியிருக்கோணுமோ?"

"எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

அவருடைய சிரிப்பு நின்றது. "பிள்ளை, நீர் என்ன கேக்கிறீர்?"

வானின் பின்னால் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று இருந்தது. திறக்கச் சொன்னேன். திறந்தார். பனிச் சப்பாத்து ஒரு சோடி, பனி அள்ளும் சவல் ஒன்று.

"இனி என்ர பொக்கற்றையும் பாக்கிறீரோ?"

2. சாவி

முதலாளி மதாம் என் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"பெரிய ஆணை வித்துப்போட்டு, சின்னப் பெண் ஒண்டைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறான். இப்பிடிச் சாமான் சேர்க்கிற ஆக்கள் நல்ல விலை குடுப்பினம். நீ கெட்டிக்காரி."

அந்தக் கடைசிச் சொல் இரண்டு நாள் எனக்கு இனித்தது. தாசன் அண்ணையிடம் வான் சாவி வாங்கப்பட்டது. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும். அதுவரை அவர் பொதி கட்டும் மேசையில் இருந்தார். கைபேசியில் தாழ்ந்த குரலில் கதைத்தால் யாரோடு என்று காது கொடுத்தேன். வெளியே போனால் மணி பார்த்தேன்.

3. முட்டை

வியாழக்கிழமை, பெட்டிக்குள் வைக்கும் பிள்ளைகளுக்கான அட்டையைப் புதிதாக எழுதப் பணித்தார்கள். பெண் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், வாலை வயிற்றோடு மடித்து ஏறக்குறையப் பத்து நாள் அடைகாக்கும், முலைக்காம்பு இல்லை, தோலில் கசியும் பாலைக் குஞ்சுகள் குடிக்கும், ஆண் இந்த வேலை எதற்கும் வராது என்று எழுதிக்கொண்டு போனவள், கடைசி வரியில் நின்றேன்.

சாந்து முட்டைகளை எடுத்து மடிந்த வாலுக்குள் வைத்துப் பார்த்தேன். அங்கே இரண்டு குழிகள், பழைய பசையோடு. முட்டைகள் அச்சாகப் பொருந்தின. இந்தப் பெட்டிக்கென்றே செய்யப்பட்ட தாய் இது. அப்படியென்றால் தாளில் எப்படி ஆண் வந்தது?

தாளைத் திரும்ப வாசித்தேன். 1.7 கிலோ, உயிரோடு நீந்தும் ஆணின் நிறை. உள்ளே வைக்கோல் அடைத்த தோலுக்கு அந்த நிறை எங்கிருந்து வரும்? அடியில் நான் வாசிக்காமல் விட்ட ஒரு வரி: "ஆயுள் 17 வருடம்." செத்த விலங்கின் நிலைக்குறிப்பில் ஆயுள்! யாரோ அளக்காமலே புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஏழுக்கு நடுவில் ஒரு சின்ன வளைவு. அதே ஏழு, அட்டை எழுதச் சொல்லி மதாம் என் மேசையில் வைத்த காகிதத் துண்டிலும் இருந்தது.

எனக்கு மூன்று மாதப் பரீட்சார்த்த ஒப்பந்தம். கதவடியில் நெடுநேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். தாளையும் முட்டைகளையும் மேசையில் வைத்தேன்.

மதாம் தாளில் இருந்த அந்த ஏழின் மேல் விரலை வைத்தார். "அந்த வருசம் இன்சூரன்ஸ்காரர் அவசரப்படுத்தினவை," என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து வான் சாவியை நீட்டினார். "நீயே குடு."

தாசன் அண்ணை சாவியை வாங்கிக்கொண்டு கேட்டார்: "அப்ப அது ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"பொம்பிளை, அண்ணை."

"தெரியும். பதினாலு வருசமா முட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டெல்லோ கிடக்குது."

"ஏன் சொல்லேல்லை?"

"நீர் என்னட்டைக் கேட்டது கீரை வாங்கின நேரத்தைத்தானே."

இப்போது புதிதாக வருபவர்களுக்கு நான்தான் வேலை பழக்குகிறேன். நீளத்துக்கு முன்னால் ஒரு வரி எழுத வைக்கிறேன்: யார் அளந்தது, எதைக்கொண்டு அளந்தது. அளவு பொருந்தாவிட்டால் முதலில் தாளைச் சந்தேகி, பிறகு உன் ரேப்பை, மனிதரைக் கடைசியில் என்று சொல்லிக் கொடுக்கிறேன்.

தாசன் அண்ணை இன்றும் வானை நிறுத்தியதும் பின்கதவைத் திறந்து, அந்தப் பூட்டுப் பெட்டியின் மூடியைத் தூக்கி எனக்குக் காட்டிவிட்டுத்தான் போகிறார். வேண்டாம் அண்ணை என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். சப்பாத்து ஒரு சோடி, ஒரு சவல்.