காற்று இழுக்காத துளை

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது எனக்கு நடந்தது. முழு நினைவோடு, இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தபோது நடந்தது. அன்றிலிருந்து அடி தெரியாத தண்ணீரில் நான் கையை விடுவதில்லை. அது வாளித் தண்ணீராக இருந்தாலும் சரி.

அண்ணனும் அண்ணியும் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார்கள். வீட்டுக்குக் காவல் நான். உண்மையில் வீட்டுக்கு இல்லை, மீன்களுக்கு. அண்ணியைக்கூட எங்காவது மறந்துவிட்டு வருவான் அண்ணன். மீன்களை மறக்க மாட்டான். போன மாதம்தான் யாரோ வைத்திருந்த பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கடையிலிருந்து வாங்கியிருந்தான். மேலே மீன்கள். கீழே அலமாரிக்குள் ஒரு சின்னத் தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் அதில் இறங்கிச் சுத்தமாகும். மோட்டார் அதைக் குழாய் வழியாக மறுபடி மேலே ஏற்றும்.

மாலை ஆறே முக்கால். வெளியே மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. கரண்ட் போனது.

மோட்டார் சத்தம் அடங்கியது. கூடவே இன்னொரு சத்தம் தொடங்கியது. களக்... களக்...

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, மேல இருக்கிற தண்ணி கீழ இறங்குது."

"இறங்கும் வாலு, பயப்படாத. மோட்டார் நின்னா அதே குழாய் தண்ணியத் திரும்ப உறிஞ்சும். அதுக்குத்தான் குழாய்ல பின்பக்கமா ஒரு துளை இருக்கு. தண்ணி அதுக்குக் கீழ போனதும் காத்தை இழுக்கும். உஸ்ஸுன்னு கேக்கும். அப்புறம் நின்னுடும்."

"நிக்கலைன்னா?"

"பாசி அடைச்சிருக்கும். விரலால தேச்சு விடு. ஆனா முதல்ல மோட்டார் சுவிட்ச அணைச்சுடு. மறந்துடாத."

சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். டக். நன்றாக நினைவிருக்கிறது.

போன் வெளிச்சத்தைத் தொட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

உஸ்ஸ்ஸ்... வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பாதியில் நின்றது. யாரோ வாயைப் பொத்தியதுபோல.

களக்... களக்... களக்...

மேல் தொட்டியில் தண்ணீர் ஒரு சாண் இறங்கிவிட்டது. மீன்கள் எல்லாம் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. குழாயிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ, அவ்வளவு தூரத்தில்.

கீழ்த் தொட்டி நிரம்பியது. அலமாரி இடுக்கில் வழிந்த தண்ணீர் என் வெறுங்காலை நனைத்தது.

கையை உள்ளே விட்டேன். குழாயின் பின்பக்கம் தடவிக்கொண்டே போனேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மெத்தென்று தட்டியது.

பாசி என்றுதான் நினைத்தேன். தேய்த்தேன்.

அது வழுக்கவில்லை. சில்லென்று இருந்தது. ஒரு முனையில் கெட்டியாக...

நகம்.

கையை இழுத்தேன். வரவில்லை. என் விரல்களுக்கு நடுவே வேறு விரல்கள் நுழைந்தன. ஒன்று... இன்னொன்று... அழுத்திப் பிடித்துக்கொண்டன.

வெளிச்சத்தில் பார்த்தேன். என் கை மட்டும்தான் இருந்தது.

மறுபடி இழுத்தேன். பிடி இறுகியது.

அப்போது முதுகுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம்...

டக்.

சுவிட்ச்.

எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. இடது கையால் குழாயைப் பிடித்து அப்படியே மேலே பிடுங்கினேன்.

குழாய் காற்றைக் குடித்தது. உஸ்ஸ்ஸ்...

பிடி தளர்ந்தது.

பின்னால் பாய்ந்து சோபாவில் விழுந்தேன்.

விளக்கு எரிந்தது. மோட்டார் அலறியது. அலமாரிக்குள் படார் என்று நீலப் பொறி. தரையில் தேங்கிய தண்ணீர் ஒரு கணம் சிலிர்த்தது. நான் நின்ற இடம்.

மறுபடியும் இருட்டு.

விடிந்ததும் அண்ணன் வந்துவிட்டான். என் கையில் பதிந்திருந்த விரல் தடங்களைப் பார்த்தான். தொட்டியை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டு என் காதுக்கும் கேட்கும்படி வைத்தான்.

"இதுக்கு முன்னாடி வச்சிருந்தவரா? அவர் தவறிட்டாரு தம்பி. கரண்ட் இல்லைன்னு தொட்டிக்குள்ள கை விட்டிருக்காரு. பட்டுன்னு கரண்ட் வந்துடுச்சு."

"சுவிட்ச அணைக்கலையா?"

"அணைச்சாராம். நானே பாத்தேன்னு அவர் சம்சாரம் அழுறாங்க. அவங்க அடுத்த ரூம்லதான் இருந்திருக்காங்க. கடைசியா அவர் பேசினதுகூட அவங்களுக்குக் கேட்டிருக்கு."

"என்ன சொன்னாரு?"

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"யாரு கை இதுன்னு கேட்டாராம்."