ஐந்தாவது மெஷினில் ஒரு நீலச் சட்டை

என் தாலிமேல் சத்தியம். இதில் ஒரு வரிகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. அன்றைய பயத்தைக்கூட மறந்துவிடுவேன். வயிற்றில் எரிந்த எரிச்சலைத்தான் மறக்க முடியவில்லை.

நான் இசக்கிசெல்வி. சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். வைகாசியில் கல்யாணம். என் வீட்டுக்காரர் மாரிராஜுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. வாடகை அறையில் துவைக்கத் தண்ணீர் போதாது. மெயின் ரோட்டில் புதிதாக ஒரு லாண்டரி வந்திருந்தது. ஆள் கிடையாது. துணியை நாமே போட்டு, போனில் பணம் கட்டி, மெஷினை ஓட்டிக்கொள்ள வேண்டும்.

ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் வருமுன் போய்விட்டேன். காலை 6.25. நன்றாக விடிந்திருந்தது.

உள்ளே ஒரே ஒரு பெண். மஞ்சள் சுடிதார். ஈரத் தலை. பெஞ்சில் உட்கார்ந்து என் கையையே பார்த்தாள்.

"வூட்டுக்காரர் சட்டையா?"

"ஆமாக்கா."

"காலரை உள்ள மடிச்சிப் போடு. சோப்பு நின்னா மாரிக்குக் கழுத்துல அரிக்கும்."

மாரி...! நான்கூட அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. கழுத்து அரிப்பதும் எனக்குத் தெரியாது. மூன்று மாதமாக அவர் துணியைத் துவைக்கிறவள் நான்.

"அவுகள ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம இன்னா கீது?"

சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையை மடிக்காமலே இரண்டாவது மெஷினில் திணித்து ஓடவிட்டேன். திரும்பி நின்று அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

6.41.

டொக்... டொக்... டொக்...

ஐந்தாவது மெஷின். ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு துணி.

நான் இரண்டாவது மெஷினில் திணித்த அதே நீலச் சட்டை. பையில் நான் போட்ட கறுப்புத் தையல்.

கதவை இழுத்தேன். வரவில்லை.

"ஏய்! என்ன பண்ணுத நீ?"

கத்திக்கொண்டே திரும்பினேன். பெஞ்ச் காலி.

தரையில் ஈரக் கால்தடம். பெஞ்சிலிருந்து ஐந்தாவது மெஷின் வரை. அதோடு சரி...

டொக். நின்றது.

கதவு தானாகத் திறந்தது.

சட்டையின் காலர்... உள்ளே மடிந்திருந்தது.

ஓடினேன்.

"யாரு அவ?" என்று அவரை உலுக்கி எழுப்பினேன். "மஞ்சச் சுடிதாரு. ஒங்கள மாரின்னு கூப்பிடுதா!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "புருவத்துல தழும்பு இருந்துச்சா?"

இருந்தது.

அப்புறம்தான் சொன்னார். ஜோதி. வாலாஜாபாத்துக்காரி. கம்பெனியில் ஒரே லைனில் இரண்டு வருடம் வேலை பார்த்துப் பழகியவர்கள். இவர் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் கல்யாணத்தைப் பார்க்க அவள் பஸ் ஏறியிருக்கிறாள். வழியில் டீ குடிக்க இறங்கி, ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்து அங்கேயே போய்விட்டாள். விடிகாலை. எனக்குத் தாலி ஏறிய அதே நேரம்.

நான் அவரை ஒட்டி உட்கார்ந்தேன். அவர் என்னைத் தொடக்கூட இல்லை.

"ஏட்டி, மெலிஞ்சு போயிருந்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஞாயிறுதோறும் துணியை அவரே எடுத்துப்போகிறார். நான் வருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். போன வாரம் பின்னாலேயே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பார்த்துப் பேசிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.