குலுங்கக் கூடாத பெட்டி

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பேருந்தில் பாதி இருக்கைகள் காலி. ஒரு பெண் மட்டும் கம்பியில் முதுகைச் சாய்த்து, ஒரு தெர்மாகோல் பெட்டியை இரு கைகளிலும் ஏந்தி நின்றுகொண்டே வந்தார். முப்பது வயதிருக்கும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முழங்காலை மடக்கி, குலுக்கலைத் தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்டார்.

“உக்காருங்களேன்” என்றேன்.

“உக்காந்தா பெட்டி குலுங்குமுங்க. உள்ள இருக்கற படிகம் ஒடஞ்சிரும்.”

அது கல்லூரி ஆய்வகத்தில் அவர் வளர்த்த படிகமாம். பாதரச விஷத்தை வெட்டி முறிக்கும் நொதி (என்சைம்) ஒன்று ஒருவகை பாக்டீரியாவில் இருக்கிறது. அந்த நொதியைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்சினால் அதன் உருவம் தெரியும், அதற்கான கருவி சேலத்தில்தான் இருக்கிறது என்றார்.

“உருவம் தெரிஞ்சு என்னங்க பண்றது?”

“விஷத்த எந்த எடத்துல புடிச்சு வெட்டுதுன்னு தெரியுமுங்க. தெரிஞ்சா, இன்னும் நல்லா வெட்டறாப்புல மாத்திப் பாக்கலாம்.”

போன முறை மடியில் வைத்துக் கொண்டுபோனது விரிசல் விட்டுவிட்டதாம்.

“இதுவும் ஒடஞ்சா?”

“மறுக்கா வளத்தோணும். அது கெடக்குதுங்க, முன்னால வேகத்தடை வந்தாச் சொல்லுங்க.”

நானும் எழுந்து நின்று, சேலம் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்த நொதியின் உருவம் தெரிந்ததா, எனக்குத் தெரியாது. இன்றும் அந்தச் சாலையில் வேகத்தடையைக் கண்டால், “வருதுங்க” என்று என்னையறியாமல் சொல்லிவிடுகிறேன்.