கொளஞ்சியப்பருக்குக் கட்டிய பிராது

2006 ஐப்பசி. விருத்தாசலத்தில் நான் நடத்தும் சின்ன பீங்கான் பட்டறையில் நிற்கும்போது வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. மண்ணில் கல் கிடந்தால் சூளையில் சாமான் வெடிக்கும் என்று ஆட்களைத் திட்டுகிறவன் நான். ஸ்கேனில் என் பித்தப்பையிலேயே கல். நான் சலித்த லட்சணம் அவ்வளவுதான்.

பையையே எடுத்துவிடச் சொன்னார் டாக்டர். எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. அவருக்கும் இதே ஆபரேஷன்தான். வயிற்றில் ஒரு சாண் தையல். மாதக்கணக்கில் மூட்டை தூக்க முடியாமல் வேலையே போனது. நான் படுத்தால் பட்டறையும் படுத்துவிடும்.

"வாழத்தண்டு சாறு குடிங்க சார், கரைஞ்சிடும்" என்றார் பக்கத்துப் பட்டறைக்காரர்.

"அது கிட்னி கல்லுக்குங்க."

"கல்லுல என்னா சார் சாதி?"

குடித்தேன். கல் கரையவில்லை, நான்தான் கரைந்தேன்.

கடைசியில் மணவாளநல்லூர் போய் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினேன். அங்கே அந்தப் பெயரில் இருக்கும் நம் முருகனிடம் குறையைத் தாளில் எழுதிக் கட்டினால் மூன்று மாதத்தில் தீர்த்துவைப்பான், தீர்ந்ததும் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாலு புத்தகம் படித்தவனல்லவா, அடுக்குமொழியில் எழுதினேன்: கத்தியே படாமல் கல் கரைய வேண்டும். கெடு முடிகிற நேரத்தில் வந்தது காய்ச்சலும் வாந்தியும். ஆட்டோவில் சுருண்டபடி, "உன் கோர்ட்டும் நம்ம கோர்ட்டு மாதிரிதானா?" என்று சாமியைத் திட்டினேன்.

உள்ளூர் டாக்டர் அனுப்பிவைத்த புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சர்ஜன் சொன்னார்: "சின்ன ஓட்டை போட்டே எடுத்துடலாம். உள்ள ரொம்ப ஒட்டிக்கிட்டிருந்தா மட்டும் வயித்தத் தொறக்கணும். போய்ப் பாத்தாதான் தெரியும்."

மயக்க ஊசி போடும்போது அடுக்குமொழி எதுவும் வரவில்லை. "முருகா, தொறக்க வுடாத." அவ்வளவுதான்.

விழித்ததும் கை வயிற்றுக்குப் போனது. மனைவி தட்டிவிட்டாள். "தொடாதீங்க. தொறக்கல. நாலு பிளாஸ்திரிதான்."

அழுதேன். அழுதால் வலித்தது. ஆனாலும் அழுதேன்.

வீட்டுக்கு வந்த அண்ணன் பிளாஸ்திரிகளை உற்றுப் பார்த்தார். "இதுக்குப் பேரு ஆபரேஷனாடா? கொசு கடிச்சாப்புல இருக்குது!" கொண்டுவந்த ஆர்லிக்ஸைத் திரும்ப எடுத்துப் போய்விடுவாரோ என்றிருந்தது. போகும்போது வாசலில் நின்றார்.

"பிராத வாபஸ் வாங்கப் போவும்போது சொல்லு. எனக்கும் ஒண்ணு இருக்குது."

"நீ என்னண்ணா எழுதுன?"

"கிழிச்சது என்னோட போவட்டும், தம்பிக்கு வாணாம்னு."

என் மனு தள்ளுபடி. அண்ணன் மனு, எழுதியபடியே நிறைவேறியிருந்தது.

இன்று மண் மூட்டையை நானே தூக்குகிறேன். சாமியைத் திட்டுவதையும் குறைத்துக்கொண்டேன். அன்பர்களே, டாக்டரிடம் போங்கள். நம்பிக்கையோடு பிராதும் கட்டுங்கள். முடிந்தால் கூடப் பிறந்தவருக்காக ஒன்று கட்டுங்கள். எங்கள் அனுபவத்தில் அதைத்தான் அவன் முதலில் விசாரணைக்கு எடுக்கிறான்.