மண்ணரைக் காதுகுத்தும் வீங்கிய பாதங்களும்

கடந்த தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டிலிருந்து திருப்பூர் மண்ணரைக்குப் போனேன். தங்கை பூங்கொடியின் மகன் தருணுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அதற்காகப் போனேன், பாசத்தால் அல்ல. என் பேச்சை மீறி அவள் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, நான்கு வருடமாக நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவள் தேதி கேட்டு அழைத்தபோது, பரீட்சை வேலை என்று தள்ளிப்போட்டேன். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று நினைத்தேன்.

காலை 7.10 பாசஞ்சர். ஐம்பது கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். ஊத்துக்குளியில் வெண்ணெய்த் தூக்குகளோடு இரண்டு பேர் ஏற, பெட்டியே மணத்தது. 8.20க்குத் திருப்பூர். அங்கிருந்து மண்ணரை நான்கு கிலோமீட்டர் இருக்கும். கையில் சீர்த்தட்டு. காதுகுத்து வீடு என்றதும் ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

“பக்கந்தானுங்களே?” என்றேன்.

“சீர்த்தட்டோட போற தாய்மாமன் எங்கிட்டப் பேரம் பேசலாமுங்களா?” என்று சிரித்தவர் நூற்றிருபதுக்கு வந்தார்.

பூங்கொடி குடியிருப்பது பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் லைன் வீட்டில். அவள் செக்கிங், கணவன் டெய்லர். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு அக்கா. அவர்தான் தருணைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். பதினான்கு மாதம். கன்னம் உப்பி, பாதங்கள் பொதபொதவென்று இருந்தான்.

“பாருங்க சாமி, உங்க மருமகன் மொதலாளி ஊட்டுப் பையனாட்டம் எப்படிக் கொழுகொழுன்னு இருக்கறான்!” என்றார்.

ஆசாரி ஊசியைக் குத்தினார். தருண் அழவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை.

“தங்கமான புள்ளைங்க! மாமன் மடியின்னதும் பயமே இல்ல பாருங்க” என்றார் அந்த அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். என்னைவிட இளையவனைத் தலைமையாசிரியர் ஆக்கிய பள்ளியில், இருபத்திரண்டு வருடமாக அதே பாடம், அதே படம். குழந்தையின் பாதத்தில் கட்டைவிரலை வைத்து மூன்று எண்ணும் வரை அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மறு பாதத்திலும் நின்றது. சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தால் புஜம் என் இரண்டு விரல்களுக்குள் அடங்கியது. அவன் உடம்பில் இருந்தது சதையல்ல, நீர். கார்த்திகையில் அவள் அனுப்பிய படத்திலும் இதே கன்னம்தான். நன்றாகத்தான் வளர்க்கிறாள் என்று எரிச்சலோடு போனை மூடிவைத்திருந்தேன்.

“என்ன சாப்பிடறான்?” என்றேன் தங்கையிடம்.

“புரட்டாசியில பேதி புடிச்சுதுங்கண்ணா. பாலு, பருப்பு ஆகாதுன்னு லைன்ல பெரியவங்க சொன்னாங்க. அப்பலேர்ந்து கஞ்சித்தண்ணியும் ரஸ்க்குந்தான்.”

“அங்கன்வாடியில முட்டை தருவாங்களே?”

அவள் தரையைப் பார்த்தாள். “காது குத்தற வரைக்கும் கவுச்சி தர்றதில்லைன்னு சாமிக்கு வேண்டிக்கிட்டோமுங்க. நீங்க வந்தாத்தானே குத்த முடியும்?”

பந்தி போடும்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். கடுமையான சத்துக் குறைவு, நெஞ்சில் சளித்தொற்று வேறு என்றார் டாக்டர். அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். நான்காம் நாள் மதியம் தருண் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்ததும் பூங்கொடி என் பையை எடுத்து வந்து கொடுத்தாள். “நேரமாச்சுங்கண்ணா, கெளம்புங்க. பரீட்சை வேலை இருக்கும்.” அவள் குரலில் கோபம் இல்லை. திரும்பி வந்த ரயிலில் குறை சொல்ல நான் யாரையும் தேடவில்லை. இத்தனை வருடத்தில் அது முதல் தடவை.

இப்படி ஒரு விசேஷத்துக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உப்பிய குழந்தையைக் கண்டதும் கொஞ்சிவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு பாதங்களையும் அழுத்திப் பாருங்கள். குழி நின்றால், முடி செம்பட்டையாகி உதிர்ந்தால், விளையாட்டிலும் சாப்பாட்டிலும் நாட்டமில்லாமல் சோர்ந்திருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். புஜத்தை அளக்கும் நாடா அங்கன்வாடியில் இருக்கும். அளவு சிவப்பில் நின்றாலும் அன்றைக்கே கொண்டுபோங்கள். பேதியானால் உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைத்த பருப்புச் சோறும் கொஞ்சம் எண்ணெயும் சேர வேண்டும். முட்டையும் கொடுங்கள். அதற்கு எந்தத் தாய்மாமனுக்காகவும் காத்திருக்காதீர்கள்.