பேன் என்று சொல்ல எவ்வளவு நேரம்?

போன சனிக்கிழமை மதியம். தலத்தெருவில் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, "அண்ணே, ஓடியாங்க!" என்று போட்ட சத்தத்தில், பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அவள் மகள் ரோஸி, எட்டு வயது, வாசற்படியில் சரிந்து கிடந்தாள். வாயோரம் நுரை நுரையாக எச்சில். உடம்பெல்லாம் வியர்வை. கைவிரல்கள் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன... வலையில் விழுந்த மீன் அடங்குவதற்கு முன்னால் துடிக்குமே, அப்படி. தலையில் ஒரு துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

மறுநாள் மாதா கோயிலில் அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். இஸ்திரி போட்ட வெள்ளைக் கவுன் சுவர் ஆணியில் தொங்கியது.

சைக்கிள் ரிக்‌ஷா. பெரிய ஆஸ்பத்திரி. "மிதிப்பா, மிதி!" என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. குழந்தை என் தோளில் சாய்ந்திருந்தாள். மூச்சு வருகிறதா? வருகிறது. அடுத்தது?

டாக்டர் இமையை விலக்கி டார்ச் அடித்தார். கண்மணி கடுகளவு. அவர் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா சாப்பிட்டுச்சு புள்ள?"

"இட்லிதாங்க டாக்டர்."

"பூச்சி மருந்து, எலி மருந்து... ஏதாவது?"

"ஐயோ, இல்லீங்க. மாதா சத்தியமா இல்லீங்க."

"விஷம் மாதிரிதான் இருக்கு. ஊசி போடுறேன். ஆனா இன்னமும் உள்ள போய்க்கிட்டே இருந்தா ஊசி என்ன செய்யும்? எது வழியா போவுதுன்னு தெரியணும்மா!"

நர்ஸ் தலைத்துண்டில் கை வைத்தார். ஸ்டெல்லா வெடுக்கென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. தலைக்கு ஊத்தியிருக்கு. சளி புடிச்சுக்கும்."

"நல்லா இருக்கும்மா! புள்ள கெடக்குற கெடையில ஒனக்குச் சளியப் பத்திக் கவலையா?"

அப்போதுதான், ரோஸி தலை சாய்த்திருந்த என் சட்டைத் தோள்பட்டையின் வாடை மூக்குக்கு எட்டியது. அழுகின பூண்டு மாதிரி ஒரு நாற்றம். நெரவிப் பக்கம் வயலுக்கு மருந்து அடிக்கிற நாட்களில் பஸ் ஜன்னல் வழியே வருமே — அதே வாடை.

"ஸ்டெல்லா... தலையில என்னம்மா போட்ட?"

"எல்லார் முன்னாடியும் கேக்காதீங்கண்ணே."

"சொல்லு!"

"பேனுண்ணே..." குரல் தரைக்குள் போய்விட்டது. "சீத்தாப்பழக் கொட்டையெல்லாம் அரைச்சுப் போட்டுப் பாத்துட்டேன், போவல. நாளைக்குக் கோயில்ல சிஸ்டர் பூமுடி வைக்கறப்ப நெத்தியில ஊர்ந்துச்சுன்னா...? எங்க அண்ணன் வயலுக்கு வாங்குன மருந்து. தேங்கா எண்ணெயில ஒரே ஒரு மூடி கலந்தேன். திங்கவாண்ணே குடுத்தேன்? தலையிலதானே!"

"கத்திரிக்கோல்!" என்று டாக்டர் கத்தினார்.

கொத்துக் கொத்தாக முடி தரையில் விழுந்தது. சோப்பு, தண்ணீர், மறுபடி சோப்பு. ஊசி, மறுபடி ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் டார்ச் வெளிச்சம் கண்ணுக்குள் போய் வந்தது. நர்ஸ் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிடுவாரோ...

நாலு மணிக்கு ரோஸி, "ம்மா... தண்ணி" என்றாள்.

பேன் எவ்வளவு பெரிசு? எள்ளில் பாதி இருக்குமா? விஷப் பாட்டிலை அடுப்படி அலமாரியில் ஊர் பார்க்க வைக்கிறோம். பேனை மட்டும் துண்டு போட்டு மூடுகிறோம். ரத்தம் குடிக்கிற அந்தப் பூச்சிக்கே இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

திங்கட்கிழமை, பன்னும் வாழைப்பழமுமாகத் தெருப் பெண்கள் வார்டுக்கு வந்தார்கள். "என்னடி, புள்ளைக்குச் சாப்பாடு ஒத்துக்கலியாமே?"

நல்ல பொய். எடுத்துக்கொள்ளச் சுலபமான பொய். ஸ்டெல்லா மகளின் ஒட்ட வெட்டிய தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பேனுக்கு வயல் மருந்தத் தடவிட்டேங்க்கா. நாந்தான் தடவுனேன். நீங்க யாரும் தடவிடாதீங்க."

வந்தவர்களில் ஒருத்தி, பழச்சீப்பைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.