கொடிகாமத்துக் குளிர்க்கோட்டுகள்

கொடிகாமத்து வெயிலில் குளிர்க்கோட்டு வாடகைக்கு விடுகிறவளைப் பைத்தியம் என்று சொல்லாமல் விட வேண்டுமானால் அவளுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தே எனக்கு நரைத்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து பழைய உடுப்புப் பெட்டி அனுப்புகிற பிள்ளைகள் ஊர் வெயிலை மறந்து கோட்டையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அயலவர் வேண்டாமென்று தந்தவற்றைத் துவைத்து மாட்டினேன், கடையாகிவிட்டது. வெளிநாட்டில் பிள்ளை வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தைப்பொங்கல் கழிந்து பிளேன் ரிக்கற் விலை இறங்கினால்தான் எங்கடை சனம் ஐரோப்பா பார்க்கும், அங்கே அப்போது கடுங்குளிர்.

இருவருக்கு ஒன்று

சண்டிலிப்பாயிலிருந்து வந்த தம்பதி ஒரு கோட்டு மட்டும் போதும் என்றார்கள். வீட்டுக்குள் கோட்டு எதற்கு என்பது அந்த அம்மாவின் வாதம். குளிருக்கு வீடென்ன, வீதியென்ன என்று அடித்துச் சொல்லி இரண்டைக் கையில் திணித்தேன். அம்மா சொன்னார்: "நாங்கள் எந்தக் காலத்திலை சேர்ந்து வெளியிலை போனனாங்கள், ரீச்சர்?"

வாடைக்காற்றில் வந்தவர்

வாடைக்காற்றில் கடற்றொழில் படுத்திருந்த நேரம், தொண்டைமானாற்றுச் சின்னராசா வந்தார். நோர்வேயிலிருக்கும் மகள் வதனி தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்ததிலிருந்து அவளோடு கதையில்லை. இப்போது அவளே ரிக்கற் அனுப்பியிருக்கிறாள்.

கோட்டைப் போட்டுப் பார்த்ததும் வலையில் சிக்கிய ஆமைபோல நின்றார். "போய்ச் சேர்ந்த பிறகும் கழட்டாதேங்கோ, குளிர் நெஞ்சிலை இறங்கிவிடும்" என்று புத்தி சொன்னேன். ஓம் என்று கவனமாகக் கேட்டுக்கொண்டார். படியிறங்கியவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "சரிவராட்டில் அடுத்த பிளேனிலை வந்திடுவன். ஆரும் கோட்டுக் கேட்டால், கெதியிலை திரும்பி வரும் எண்டு சொல்லி வையுங்கோ."

கதவடிக் கதிரை

கோட்டுக் கொலரில் தைத்திருந்த என் போன் இலக்கத்துக்கு ஒருநாள் வீடியோ அழைப்பு வந்தது. வதனி. "ரீச்சர், அப்பா வந்த நேரந்தொட்டுக் கோட்டோடை கதவடியிலை இருக்கிறார், வெளிக்கிடப் போறவர் மாதிரி. இன்னும் கோவமோ தெரியேல்லை. கேக்கவும் பயமாக் கிடக்கு."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். கழுத்தெல்லாம் வியர்வை வழிய ஒரு முகம் திரையில் வந்தது. ஏன் கழற்றவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள்தானே கழட்டாதேங்கோ எண்டனீங்கள்? இவையள் வீட்டுக்குள்ளை அடுப்பு மாதிரிச் சூடாக்கி வைச்சிருக்கினம். அவிஞ்சு போனன்."

திரைக்கு வெளியே சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல் கேட்டது: "கழட்டுங்கோ அப்பா. தேத்தண்ணி ஊத்திறன்."

திரும்பி வந்த கோட்டு

மூன்று கிழமைக்கென்று போனவர் பங்குனி வெயிலில்தான் வந்தார். கோட்டைக் குழந்தையைப்போல் தோளில் போட்டிருந்தார். ஐரோப்பா எப்படி என்று கேட்டேன். மருமகன் மீன் வெட்டத் தெரியாதவன் என்றும் மகள் வீட்டுக் குசினியில் வைத்துத் தானே பழக்கிவிட்டு வந்ததாகவும் சொன்னார். எனக்கு அங்கே ஒருவருமில்லை. ஆனாலும் அந்தக் குசினியில் நானும் சற்று நின்றுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

கோட்டை அவரே ஆணியில் மாட்டினார். "அடுத்த தைக்கும் உந்தக் கோட்டை ஒருதருக்கும் குடுத்திடாதேங்கோ, ரீச்சர். ஆனால் புத்தி மட்டும் சொல்ல வேண்டாம்."

என் கடையில் ஐரோப்பா பார்க்காதவள் நான் ஒருத்திதான் என்பதால், கோட்டு வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள், அங்கே எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கோட்டிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.